அனார்கான் அளந்த புகை

தலைநகர் பிஷ்கெக்கின் மேற்கு விளிம்பில், மலைக்கு அப்பால் இருக்கிற ஓஷ் நகரத்துக்குப் போகும் வேன்கள் ஆள் சேரக் காத்து நிற்கிற மைதானத்தை ஒட்டி, தகரக் கூரை போட்ட ஒரு சோதனை நிலையம் இருக்கிறது. அங்கே பதினொரு ஆண்டுகளாக வண்டிகளின் புகையை அளப்பவள் அனார்கான். பிரேக்கைப் பார்க்க ஒருவன், விளக்கைப் பார்க்க ஒருவன்; புகைக்கு அவள். வண்டிக்குப் பின்னால் மரப்பலகை ஒன்றைப் போட்டு உட்கார்ந்து, புகைக்குழாய்க்குள் உறிஞ்சுகுழலைச் செருகி, பக்கத்து மேசையில் இருக்கிற கருவியின் திரையைப் பார்ப்பாள். திரையில் ஐந்து எண்கள் நடுங்கும். நடுக்கம் அடங்கும்வரை அவளும் அசைய மாட்டாள். மூச்சுகூட மெதுவாகத்தான் விடுவாள் என்று பிரேக் பார்ப்பவன் சொல்வான்.

அந்த ஜனவரியில் அவளுடைய எண்ணை யாரும் நம்பவில்லை.

மைதானத்தில் ஓஷுக்கு ஓடுகிற வேன்கள் நாற்பதுக்கு மேல். குளிர்காலச் சோதனையில் புத்தாண்டு முடிந்த முதல் இரண்டு வாரத்தில் மட்டும் பன்னிரண்டு வேன்களை அனார்கான் தோற்கடித்திருந்தாள். முந்தைய குளிர்காலங்களில் இரண்டு மூன்றுக்கு மேல் போனதில்லை. சோதனையில் தேறிய சீட்டு இல்லாமல் பயணிகளை ஏற்ற முடியாது. டிரைவர்கள் முதலில் கெஞ்சினார்கள், பிறகு முணுமுணுத்தார்கள், அப்புறம் கருவிக்கு வயதாகிவிட்டது என்றார்கள். கடைசியில் கருவியை விட்டுவிட்டு அவளைப் பிடித்துக்கொண்டார்கள். அவளுடைய கணவன் சோவெத்பெக்கும் அதே மைதானத்து டிரைவர்தான். தன் வீட்டு வண்டிக்கு வரிசையில் இடம் காலியாகட்டும் என்றுதான் மற்றவர்களை நிறுத்திவைக்கிறாள் என்று பேச்சு எழுந்தது.

பேச்சை எழுப்பியவன் ஜிர்கல், தோற்ற பன்னிரண்டு பேரில் ஒருவன். டிரைவர்களுக்குள் வாய் நீளம் உள்ளவன். சோவெத்பெக்கைவிடப் பத்து வயது சின்னவன், அதனால் அனார்கான் அவனுக்கு அண்ணி. அண்ணியைக் கேலி செய்ய அங்கே எந்தக் கொழுந்தனுக்கும் உரிமை உண்டு. அந்த உரிமைக்குள் ஒளித்துத்தான் அவன் கத்தியை வைப்பான்.

நிலையத்தின் மேலாளர் எர்மெக் நல்லவன், ஆனால் பயந்தவன். ஒரு செவ்வாய்க்கிழமை தேநீர் நேரத்தில் அவளைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை சோவெத்பெக்கின் வண்டி சோதனைக்கு வருகிறது அல்லவா என்று கேட்டான். எல்லோர் முன்னாலும் அளந்து காட்டச் சொல்கிறார்கள், அளந்து காட்டிவிடுவோம் என்றான். அதற்குப் பிறகும் அவர்கள் நம்பாவிட்டால், புகைக்கு வேறு ஆளைப் போடுவதைத் தவிர தனக்கு வழியில்லை என்று சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை, கிண்ணத்தைப் பார்த்தான். அனார்கான் சரி என்றாள். அவளிடம் அந்த வேலையைத் தவிர வேறு எதுவும் அவ்வளவு நேராக இருந்ததில்லை.

கோச்கோர் என்ற மலையூரில் பிறந்தவள். தலைநகரில் வேதியியல் படித்துப் பள்ளி ஆசிரியை ஆனபோது நாடே வேறு நாடாகியிருந்தது. சம்பளம் ஒரு மாதம் மாவு மூட்டையாக வந்தது, அடுத்த மாதம் வோட்கா பாட்டிலாக வந்தது, அதற்கடுத்த மாதம் வரவில்லை. ஐந்தாம் வருடம் சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு, தொர்தோய் சந்தையில் சரக்கு அனுப்பும் இரும்புப் பெட்டியையே கடையாக்கியிருந்த ஓர் இடத்தில் குழந்தைகளின் காலுறை விற்கப் போனாள். காலுறை விற்கும்போதும் தனிம அட்டவணை அவளுக்குள் வரிசை கலையாமல் இருந்தது. பழைய மாணவி யாராவது வந்து டீச்சர் என்று கூப்பிட்டால் அன்று முழுக்க விலை குறைத்து விற்பாள்.

சோதனை நிலையத்தில் புகைக் கருவிக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனபோது அவளோடு நான்கு ஆண்கள் காத்திருந்தார்கள். அப்போதிருந்த மேலாளர் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். வண்டிப் புகையில் என்ன இருக்கிறது? நால்வரும் விஷம் என்றார்கள். அனார்கான், "பெரும்பாலும் நைட்ரஜன்தாங்க," என்றாள். நால்வரும் சிரித்தார்கள். வேலை அவளுக்குக் கிடைத்தது.

புகையை அவள் விளக்கும் விதம் மைதானம் முழுக்கப் பிரசித்தம். லக்மான் நூடுல்ஸ் கடையில் யாராவது கேட்டால் போதும், முள்கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள். "ஒரு கல்யாண விருந்துன்னு வெச்சுக்க. நூறு பேர் வர்றாங்க. அதுல எழுவத்திரெண்டு பேர் எதையும் தொடாம வந்தபடியே திரும்பிப் போறவங்க, அவங்க நைட்ரஜன். பதினாலு பேர் வயிறாரச் சாப்பிட்டவங்க, கரியமில வாயு. பதிமூணு பேர் தண்ணி மட்டும் குடிச்சவங்க, அது நீராவி. குளிர்ல குழாயிலேர்ந்து வெள்ளையா வருதே, அது அவங்கதான், பாவம், அவங்களத்தான் எல்லாரும் திட்டறாங்க. மிச்சம் ஒருத்தன் இருக்கான் பாரு. கண்ணுக்குத் தெரிய மாட்டான், வாசனையும் கிடையாது. அவனைப் பாதிப் பந்தியில எழுப்பிவிட்டுட்டாங்க. அவன்தான் கார்பன் மோனாக்சைடு. பசியோட போறவன். யார் ரத்தத்துல ஆக்சிஜன் இருந்தாலும் புடுங்கிக்குவான்."

அந்த ஒருவனோடு நைட்ரஜன் ஆக்சைடும் எரியாத பெட்ரோலும் சேர்ந்து குளிர்காலத்தில் மலைக்குக் கீழே எப்படித் தங்கிவிடுகின்றன என்பதையும் சொல்வாள். நிலக்கரிப் புகையும் வண்டிப் புகையும் சேர்ந்த மூடி ஒன்று நகரத்தின் மேல் உட்கார்ந்திருக்கும். தெற்கே இருக்கிற பனிமலை, ஜனவரி முழுக்க, யாரோ சொல்லக் கேட்ட மலைபோல ஆகிவிடும்.

வெள்ளிக்கிழமை காலையில் சோவெத்பெக் வண்டியைக் கழுவிக்கொண்டு வந்தான். ஜப்பானிலிருந்து வந்த எட்டு இருக்கை வேன், வெள்ளி நிறம், ஸ்டீயரிங் வலது பக்கம். அவன் நெஞ்சை நிமிர்த்தி இறங்கியதற்குக் காரணம் இருந்தது. புகைக்குழாயின் நடுவே, தேன்கூடுபோலக் கண்கண்ணாக இருக்கிற ஒரு பாகம் உண்டு, கேட்டலிஸ்ட் என்பார்கள். எரியாமல் வருவதை அதுதான் எரித்துவிடும். அதற்குள் விலையுயர்ந்த உலோகம் இருப்பதால், வண்டிச் சந்தையில் அதை அறுத்து வாங்கிக்கொள்ள ஆட்கள் கடை போட்டிருக்கிறார்கள். மைதானத்தில் பலர் விற்றுவிட்டார்கள். சோவெத்பெக் விற்கவில்லை. அனார்கான் விற்க விடவில்லை என்பதுதான் சரி. எப்படியோ, தேன்கூடு உள்ளேயே இருந்தது. தோற்கவே முடியாது என்று இருவரும் நம்பினார்கள்.

இருபது முப்பது பேர் கூடியிருந்தார்கள். ஜிர்கல் முன்னால் நின்று சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். அனார்கான் பலகையைப் போட்டு உட்கார்ந்து, குழலை எடுத்தாள். இந்த இடத்தில் ஒரு தந்திரம் உண்டு, எல்லோருக்கும் தெரிந்த தந்திரம். குழலைப் பாதி மட்டும் செருகினால் வெளிக்காற்றும் சேர்ந்து உள்ளே போகும். எண்கள் மெலிந்துவிடும். வேறு நிலையங்களில் அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்.

"அண்ணி, பாத்து. கை நடுங்கி வெளிய வந்துடப் போகுது," என்றான் ஜிர்கல்.

குழலில் சிவப்பு நாடா சுற்றிய அடையாளம் இருந்தது. அனார்கான் அதுவரை உள்ளே தள்ளினாள், இடுக்கியால் குழாயோடு இறுக்கினாள், இரண்டு கைகளையும் எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டாள்.

சோவெத்பெக் எஞ்சினை ஓடவிட்டான். டேஷ்போர்டில் நீல விளக்கு எரியவில்லை. எஞ்சின் குளிர்ந்திருந்தால் எரிகிற விளக்கு அது. அணைந்துவிட்டால் சூடேறிவிட்டது என்று அர்த்தம். பத்து கிலோமீட்டர் ஓட்டித்தான் வந்திருந்தான். எல்லோரும் திரையைப் பார்த்தார்கள்.

எண்கள் நடுங்கி, ஏறி, நின்றன. கார்பன் மோனாக்சைடு நாலு புள்ளி ஒன்று. அரை சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது.

விதை கொறிக்கும் சத்தம் நின்றது. சோவெத்பெக் இறங்கி வந்து திரையைப் பார்த்தான், பிறகு மனைவியைப் பார்த்தான். மறுநாள் ஓஷுக்கு ஏழு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். அவன் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில், "குழல கொஞ்சம் இழு. ஒரு சாண். எல்லாரும் திரையத்தான் பாக்கறாங்க," என்றான்.

முப்பது வருடத்தில் அவன் அவளிடம் கேட்ட உதவிகள் குறைவு. பனியில் கண்ணாடி துடைக்கத் துணி எங்கே என்பதைக்கூட அவனே தேடிக்கொள்வான். அனார்கானுக்குக் காது சுட்டது. அவள் இழுக்கவில்லை.

அவள் எழுந்து, சீட்டில் நாலு புள்ளி ஒன்று என்று எழுதி, தோல்வி என்ற கட்டத்தில் குறி போட்டாள். சீட்டைக் கணவன் கையில் கொடுத்தாள். ஜிர்கல் எதற்கெல்லாமோ வசனம் தயார் செய்து வந்திருந்தான், இதற்கு மட்டும் செய்யவில்லை.

"அப்ப மெஷின்தான் கெட்டிருக்கு," என்றான் கடைசியில். "அண்ணன் தேன்கூட்டை விக்கலைன்னு ஊருக்கே தெரியும். இவர் வண்டியே தோத்தா மெஷின் பொய் சொல்லுதுன்னுதானே அர்த்தம்?"

கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. எர்மெக் கைகளைப் பிசைந்தான். கருவியைக் கழற்றி அனுப்பலாமா, வேறு ஆளை வரவழைக்கலாமா என்று பேச்சு நாலா பக்கமும் போனது. அனார்கான் மட்டும் திரை முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பள்ளியில் தப்பான விடை வந்தால் அவள் பிள்ளையைத் திட்ட மாட்டாள், கணக்கை முதல் வரியிலிருந்து படிப்பாள். இப்போதும் அதையே செய்தாள்.

ஆக்சிஜன் பூஜ்யம் புள்ளி நாலு. அதாவது வெளிக்காற்று உள்ளே வரவில்லை, குழல் சரியாக இருக்கிறது. கரியமில வாயு பன்னிரண்டு. பதினாலுக்கு மேல் இருக்க வேண்டியது. எரியாத பெட்ரோல் அதிகம். காற்றுக்கும் பெட்ரோலுக்கும் உள்ள விகிதத்தைச் சொல்கிற எண், சரியாக இருந்தால் ஒன்று என்று காட்டும். அது பூஜ்யம் புள்ளி எட்டு எட்டில் நின்றது. கருவி கெட்டிருந்தால் ஒரு எண் பொய் சொல்லும். ஐந்தும் பேசி வைத்துக்கொண்டு ஒரே பொய்யைச் சொல்லாது.

"மெஷின் பொய் சொல்லல," என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனாலும் பேச்சு அடங்கியது. "எஞ்சின் பெட்ரோலை அள்ளி அள்ளி ஊத்துது. தேன்கூடு இருக்கு, ஆனா அது எரிக்கணும்னா காத்து வேணுமே? காத்துல இருந்த ஆக்சிஜனெல்லாம் எஞ்சினுக்குள்ளயே தீந்துபோச்சு. அடுப்பு இருக்கு, விறகும் இருக்கு, ஊதக் காத்துதான் இல்ல." பிறகு கணவனிடம், "ஏங்க, போன வாரம் உங்க வண்டியில வந்தவங்க கால் விறைச்சுப்போச்சுன்னு சொன்னாங்கல்ல?" என்று கேட்டாள்.

சோவெத்பெக் எரிச்சலோடு, இந்தக் குளிரில் எந்த வண்டியில்தான் விறைக்காது என்றான். ஹீட்டர் போதவில்லை, பயணிகளுக்குக் கம்பளி வாங்கிப் போட்டிருக்கிறேன் என்றான். தானும் வாங்கிப் போட்டிருப்பதாகப் பின்னாலிருந்து ஒருவன் சொன்னான். இன்னொருவனும் சொன்னான்.

அனார்கான் சுவரருகே போனாள். அங்கே ஆணியில் ஒரு கறுப்புக் கம்பி தொங்கிக்கொண்டிருந்தது, நுனியில் மெல்லிய வெப்பமானியோடு. கருவியோடு வந்ததுதான். எண்ணெய் பார்க்கிற துளைக்குள் விட்டு எஞ்சினின் சூட்டை அளப்பதற்கானது. அதைச் செருகி எடுக்க வண்டிக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும் என்பதால் இரண்டு வருடமாக அவள் அதைத் தொடவில்லை. நீல விளக்கு அணைந்திருந்தால் போதும் என்று விட்டிருந்தாள். தூசியைத் துடைத்துவிட்டு, வண்டியின் மூடியைத் தூக்கிச் செருகினாள்.

ஐம்பத்தெட்டு டிகிரி. குறைந்தது எண்பது இருக்க வேண்டும்.

"நீல விளக்கு அம்பத்தஞ்சுலயே அணைஞ்சுடும்," என்றாள் அனார்கான். "அதுக்கு மேல ஏறிச்சா இல்லையான்னு அது சொல்லாது. உங்க எஞ்சின் இன்னும் குளிர்லதான் இருக்கு. குளிருதேன்னு அது பெட்ரோலக் கூட்டிக் கூட்டிக் குடிக்குது. தெர்மோஸ்டாட் எங்க?"

சோவெத்பெக்கின் முகத்தில் வெட்கம் மெல்ல ஏறியது, பனியில் சிவக்கிற கைபோல. ஓஷுக்குப் போகிற பாதை காரா-பால்டா என்ற ஊரைத் தாண்டியதும் செங்குத்தாக ஏறும். மூவாயிரம் மீட்டர் உயரத்துக் கணவாய் அது. கோடையில் ஏழு ஆளும் மூட்டையும் ஏற்றிக்கொண்டு போனால் பாதி மலையில் எஞ்சின் கொதித்துவிடும். காரா-பால்டாவில் ஒரு மெக்கானிக் இருக்கிறான். எஞ்சின் சூடேறும்வரை அதைக் குளிர்விக்கிற நீரைத் தடுத்து வைக்கிற சின்ன வால்வுதான் தெர்மோஸ்டாட்; நீர் கொதிப்பதே அந்தத் தடையால்தான், எதற்கு அது என்று சொல்லிக் கழற்றி எறிந்துவிடுவான். கழற்றிய வண்டி கொதிக்காமல் மலையேறும். அவன் கை ராசியான கை என்று அந்தப் பாதை முழுக்கப் பெயர். போன கோடையின் அனல் முன்னெப்போதும் இல்லாததால் மைதானமே அவனிடம் போய் வரிசையில் நின்றிருந்தது. குளிர்காலம் வந்ததும் அதைத் திரும்பப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நீர் தடையில்லாமல் ஓடி ஓடிக் குளிர்ந்துகொண்டே இருந்தது. எஞ்சின் சூடேறவில்லை, ஹீட்டரும் சூடேறவில்லை. அவர்கள் கம்பளி வாங்கினார்கள்.

தோற்ற பன்னிரண்டு பேரில் எத்தனை பேர் கழற்றினீர்கள் என்று அனார்கான் கேட்டாள். கைகள் ஒவ்வொன்றாகத் தயங்கித் தயங்கி உயர்ந்தன, வகுப்பறையில் வீட்டுப்பாடம் செய்யாதவர்கள் உயர்த்துவதுபோல. பதினொன்று.

"நானும்தான் தப்புப் பண்ணியிருக்கேன்," என்றாள் அவள். "முதல் நாளே இந்தக் கம்பிய எடுத்திருக்கணும். எண்ணைச் சொன்னேன், காரணத்தைச் சொல்லல. தெர்மோஸ்டாட்ட மாட்டிக்கிட்டு வாங்க. மறுபடி அளக்க ஒரு சோம் காசுகூட வேணாம். எர்மெக் தம்பி, சரிதானே?"

எர்மெக் தலையாட்டினான். அவனுக்கு உயிர் திரும்பி வந்திருந்தது.

சோவெத்பெக் அன்றைக்கே சந்தைக்குப் போய் புதுத் தெர்மோஸ்டாட் வாங்கிவந்து மாட்டினான். வீட்டில் அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தார்கள். மாண்டி என்கிற இறைச்சிக் கொழுக்கட்டை வேகிற ஆவியில் ஜன்னல் மறைந்திருந்தது. தட்டை அவள் பக்கம் நகர்த்தும்போது, "இழுக்கச் சொல்லியிருக்கக் கூடாது," என்று மட்டும் சொன்னான். அவள் இன்னொரு மாண்டியை அவன் தட்டில் வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் முதல் வண்டி அவனுடையது. எண்பத்திரண்டு டிகிரி. கார்பன் மோனாக்சைடு பூஜ்யம் புள்ளி இரண்டு, கரியமில வாயு பதினாலரை. அந்த இரண்டு எண்களையும் அனார்கான் உரக்கப் படித்தாள். அதற்குப் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக வந்தார்கள். எந்த வண்டிக்கும் வெப்பமானி இல்லாமல் அவள் குழலைத் தொடவில்லை. ஐந்து நிமிடம் கூடுதலாகிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லப்போனால் சிலர் தாங்களே மூடியைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். அப்படி வந்தவற்றில் பதினோராவது வண்டி போனபோது பிரேக் பார்ப்பவன் அவளுக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தான். பதினொரு வருடத்தில் முதல்முறை.

பன்னிரண்டாவது வண்டி ஜிர்கலுடையது. எண்பத்தைந்து டிகிரி இருந்தது. காற்று, பெட்ரோல் விகிதத்தின் எண்ணும் சரியாக ஒன்றில் நின்றது. கார்பன் மோனாக்சைடு மட்டும் பூஜ்யம் புள்ளி எட்டுக்குக் கீழே இறங்கவில்லை. கை தூக்காத அந்த ஒருவன் யார் என்று அனார்கானுக்கு இப்போது தெரிந்தது. அவன் தெர்மோஸ்டாட்டைக் கழற்றவில்லை, வேறொன்றை விற்றிருந்தான்.

வெளியே பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். வெள்ளிக்கிழமை என்றால் இந்நேரம் மெஷினைத் திட்டியிருப்பார்கள். அனார்கான் உரக்கச் சொல்லாமல் திரையை மட்டும் அவன் பக்கம் திருப்பிவைத்தாள்.

"உள்ள தேன்கூடு இல்ல, ஜிர்கல்."

அவன் ஐந்து எண்களையும் மேலிருந்து கீழாகப் பார்த்தான். ஆக்சிஜன் எண்ணில் கொஞ்சம் நின்றான். குழல் எதுவரை போயிருக்கிறது என்று குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"எழுதுங்க, அண்ணி," என்றான்.

அவள் எழுதினாள். சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே போனவன், வண்டி வாசலில் பயணிகளின் மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்த சோவெத்பெக்கிடம் நின்றான். ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள் அண்ணே, வசந்தம்வரைக்கும் விட்டுக் கொடுக்கச் சொல்லுங்கள் என்று கேட்டான் போலிருக்கிறது. அனார்கானுக்குப் பாதிதான் காதில் விழுந்தது. கணவன் சொன்னது முழுதாக விழுந்தது. தன் ஊர்க் குதிரை பந்தயத்தில் ஜெயித்த அன்றைக்கு ஆட்கள் பேசுகிற குரலில், மைதானத்துக்கே கேட்கும்படி அவன் சொன்னான்:

"என்னையே ஊர் பாக்கத் தோக்கடிச்சவப்பா அவ. உன்னைய விட்டுருவாளா?"